மிஸ்டு கால் நிருபர்கள்

சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளில் மாவோயிஸ்டுகளுக்கும் பாதுகாப்புப் படைக்கும் மோதல் உச்சத்தில் இருந்த காலம். டெல்லியிலிருந்து வந்த நிருபர்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டையைத்தான் எழுதினார்கள். அடிகுழாய் பழுதானதும், நூறு நாள் வேலைக்குக் கூலி வராததும் செய்தியாகவில்லை. மொழியும் ஒரு தடை. பத்திரிகைகள் இந்தியில், காட்டில் பேசுவது கோண்டி. தமிழுக்கு உறவான இந்தத் திராவிட மொழியைப் பேசுவோர் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 30 லட்சம் பேர்.

வானொலி நடத்தலாம் என்றால் சட்டம் விடாது. இந்தியாவில் தனியார் பண்பலைக்கும் சமுதாய வானொலிக்கும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆனால் தொலைபேசியில் பேசுவதற்கு உரிமம் தேவையில்லையே!

பிபிசியில் வேலை பார்த்த சுப்ரான்ஷு சவுத்ரி பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பில் தீஸ் போன்றவர்கள் தொழில்நுட்பத்துக்குக் கைகொடுக்க, 2010 பிப்ரவரியில் ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற தொலைபேசிச் செய்திச் சேவை பிறந்தது.

ஸ்மார்ட்போன் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கம்ப்யூட்டர் திருப்பி அழைக்கும். செய்தி சொல்ல எண் 1, மற்றவர்கள் சொன்னதைக் கேட்க எண் 2. பேசுபவர் தன் பெயர், ஊர், குறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் சம்பந்தப்பட்ட அதிகாரியின் செல்போன் எண்ணையும் படிப்பார். பதிவானது உடனே வெளியே போகாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கேட்டு, தேவையானால் பேசியவரையே அழைத்து விசாரித்த பிறகுதான் வெளியிடுவார்கள்.

அந்தச் செல்போன் எண்தான் சூட்சுமம். எங்கோ நகரத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் அதிகாரியைக் கூப்பிட்டு, “அந்த ஊர்க் கூலி என்ன ஆச்சு சார்?” என்பார். அப்படி நாலு பேர் கேட்டால் கோப்பு நகரும். வேலை முடிந்ததும் அதே கிராமத்தவர் மறுபடி அழைத்து, “பணம் வந்துவிட்டது” என்று பதிவு செய்வார்.

2014இல் சவுத்ரிக்கு ‘இண்டெக்ஸ் ஆன் சென்சார்ஷிப்’ அமைப்பின் டிஜிட்டல் செயல்பாட்டு விருது கிடைத்தது. பிறகு செய்திகளும் பாட்டுகளும் புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் தாவின. அதற்கு ஊரார் வைத்த பெயர் ‘புல்டூ ரேடியோ’.

இதற்குள் ஸ்மார்ட்போன் மலிந்து, ஊர்தோறும் வாட்ஸ்அப் குழு முளைத்தது. நிருபர்கள் பெருகினார்கள், சரிபார்க்கும் ஆசிரியர்தான் காணாமல் போனார். 2018இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் உட்படப் பல இடங்களில் அப்பாவிகளை அடித்தே கொன்றார்கள். அந்த ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தால் படம் எடுத்துப் போடுங்கள். கூடவே இடம், தேதி, பொறுப்பான அலுவலகத்தின் எண் மூன்றையும் எழுதுங்கள். அடுத்தவர் அனுப்பிய படமாக இருந்தால், பகிர்வதற்கு முன் அவரை ஒரு முறை கூப்பிட்டு விசாரித்துவிடுங்கள்.