பன்னிரண்டு அறிஞர்களும் ஒரு புத்தக வியாபாரியும்

தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டால், யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுவார். அவர் யார், உண்மையைத்தான் சொல்கிறாரா என்று யாரும் விசாரிப்பதில்லை. நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். தப்பாக இருந்தால் அடுத்த முனையில் இன்னொருவரைக் கேட்டுக்கொள்ளலாம். நஷ்டம் பத்து நிமிடம்தான்.

ஆனால் கேள்வி வேறு மாதிரி இருந்தால்? செத்த பிறகு உயிர் எங்கே போகிறது? ஒரு பெண்ணுக்குக் கொடுத்த கல்யாண வாக்கை மீறலாமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு முகம் தெரியாத ஒருவர் பதில் சொன்னால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்? இந்தச் சந்தேகம் இன்று நேற்று வந்தது அல்ல. 300 வருடங்களுக்கு முன்பே லண்டன் நகரம் முழுவதும் இதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறது. அந்தக் கதை மிகவும் சுவாரசியமானது.

ஒரு பென்னிக்குப் பதில்

ஜான் டன்டன் என்பவர் லண்டனில் புத்தகம் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தவர். 1659ல் பிறந்தவர். ஒரு சமயம் யாரோ தனக்குச் செய்த பெரிய துரோகத்தை நினைத்து மனம் குமைந்துகொண்டிருந்தார். இதை வெளியே யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. கேட்பவர் பெயரை மறைத்துவிட்டு, கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் என்ன?

1691 மார்ச் 17 அன்று அவருடைய பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. முதலில் 'அதீனியன் கெஜட்' என்று பெயர். பிறகு 'அதீனியன் மெர்க்குரி' என்று மாறியது. ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சு, விலை ஒரு பென்னி. ஏதென்ஸ் நகரத்து மக்கள் எப்போதும் புதுப் புது விஷயங்களைச் சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைப் போக்கினார்கள் என்று பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகளில் ஒரு குறிப்பு வருகிறது. பத்திரிகையின் பெயர் அங்கிருந்துதான் வந்தது.

கேள்வி கேட்பது மிகவும் சுலபம். லண்டனில் 1680லேயே வில்லியம் டாக்ரா என்பவர் பென்னி தபால் சேவையைத் தொடங்கியிருந்தார். ஒரு பென்னி செலவழித்தால் நகருக்குள் எங்கும் கடிதம் போய்ச் சேரும். போல்ட்ரி என்ற தெருவில் இருந்த ஸ்மித் காபிக் கடை முகவரிக்குக் கேள்வியை அனுப்பினால் போதும். பெயர் எழுத வேண்டாம். பதிலுக்குக் காசும் கிடையாது. பெண்களும் கேட்கலாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம்.

கடிதங்கள் வந்து குவிந்தன. நிலாவில் ஏன் கறை இருக்கிறது? லாசரு கல்லறையில் இருந்த நான்கு நாட்களும் அவனுடைய ஆன்மா எங்கே இருந்தது? மனைவியை அடிப்பது நியாயமா? பெண்கள் படிப்பது சரியா? (பெண்கள் படிக்கலாம் என்றுதான் பதில் வந்தது.) விஞ்ஞானம், மதம், காதல் எல்லாம் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. 'பழைய கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கும் வரை புதிதாக அனுப்பாதீர்கள்' என்று பத்திரிகையே வாசகர்களிடம் கெஞ்ச வேண்டிய நிலைமை வந்தது.

யார் அந்த அறிஞர்கள்?

பதில் சொன்னது யார்? 'அதீனியன் சங்கம்' என்று பத்திரிகை சொன்னது. பன்னிரண்டு பேர் கொண்ட அறிஞர் சபை. மத சாஸ்திரம், மருத்துவம், சட்டம், கணிதம் என்று துறைக்கு ஓர் ஆள் இருப்பதாக வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள். 1692ல் சார்லஸ் கில்டன் இந்தச் சங்கத்துக்கு ஒரு வரலாறே எழுதினார். அதற்கு ஒரு படமும் போட்டார்கள். பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போன்ற படம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அப்படி ஒரு சங்கமே கிடையாது!

உண்மையில் இருந்தது மூன்று பேர். ஒருவர் டன்டன். இரண்டாமவர் ரிச்சர்ட் சால்ட் என்ற கணித ஆசிரியர். மூன்றாமவர் டன்டனின் மனைவியுடைய தங்கையை மணந்திருந்த சாமுவேல் வெஸ்லி என்ற ஏழைப் பாதிரியார். (பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு இவர்தான் தந்தை.) ஜான் நாரிஸ் என்ற தத்துவ அறிஞர் அவ்வப்போது உதவினார். மூவரும் 1691 ஏப்ரலில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஆக்ஸ்போர்டில் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. வாசகர்கள் அறிஞர் சபை என்று நம்பியது, வியாபாரக் கணக்கில் பார்த்தால் மூன்று பேர் கூட்டு வைத்து நடத்திய ஒரு சின்னத் தொழில்தான்.

ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் மட்டும் இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் தெரியும் அல்லவா? 'கலிவரின் பயணங்கள்' எழுதியவர். அப்போது அவருக்கு வயது 24. இந்தச் சங்கத்தின் அறிவை வியந்து ஒரு நீண்ட கவிதை எழுதி அனுப்பினார். 1692ல் அச்சான அதுதான் அவருடைய முதல் வெளியீடு. அதே ஸ்விஃப்ட் 1704ல் வெளிவந்த தன் நூலில் டன்டனைப் பெயர் சொல்லியே கிண்டல் செய்தார்.

பொய் முகவரி, மெய் பதில்?

சங்கம் பொய் என்றால் பதில்களும் பொய்யா? இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

மூவரும் முட்டாள்கள் இல்லை. சால்ட்டுக்குக் கணிதம் தெரியும். வெஸ்லிக்கு மத நூல்கள் தெரியும். தெரியாத விஷயத்துக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து எழுதினார்கள். பல பதில்களில் 'இன்னார் இப்படிச் சொல்கிறார், மற்றவர் அப்படிச் சொல்கிறார், எங்களுக்கு இது சரியாகப் படுகிறது' என்ற ஒழுங்கு இருந்தது. படிப்புக்கு வசதி இல்லாத ஒரு கடைப் பையனுக்கோ வேலைக்காரப் பெண்ணுக்கோ ஒரு பென்னியில் இதைவிட நல்ல பதில் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

ஆனால் அதே கூட்டத்திடமிருந்துதான் இன்னொன்றும் வந்தது. 1693ல் டன்டன் 'இரண்டாம் ஸ்பைரா' என்ற ஒரு சிறு நூலை வெளியிட்டார். கடவுள் நம்பிக்கையை விட்ட ஒரு மனிதன் மரணப் படுக்கையில் பயந்து துடித்த கதை. உண்மைச் சம்பவம், ஒரு பாதிரியார் கூடவே இருந்து எழுதியது என்று சொல்லி விற்றார்கள். 30,000 பிரதிகள் விற்றதாக டன்டனே எழுதியிருக்கிறார். கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தவர் சால்ட். பிறகு விசாரித்தால் அந்தப் பாதிரியார் அகப்படவே இல்லை. சால்ட் தன் சொந்த மனவேதனையைத்தான் இன்னொருவன் கதையாக எழுதிவிட்டார் என்ற முடிவுக்கு டன்டன் வந்தார். அச்சிட்டதற்காக வருந்திய புத்தகங்களில் ஒன்றாக 1705ல் தன் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சேர்த்தார்.

அதாவது, ஊருக்கெல்லாம் முகம் காட்டாமல் பதில் சொன்னவரே, முகம் தெரியாத ஒரு பாதிரியாரை நம்பி ஏமாந்தார்!

இதில் ஒரு வியாபாரப் பாடமும் இருக்கிறது. பதில் தப்பானால் நஷ்டம் யாருக்கு? பதில் சொன்னவருக்கு இல்லை. அவருக்குப் பென்னி வந்துவிட்டது. நஷ்டம் கேட்டவருக்கு. வாக்குக் கொடுத்த பெண்ணை விட்டுவிடலாம் என்ற பதிலைப் படித்துவிட்டு ஒருவன் விட்டுவிட்டால், அந்தப் பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? இல்லாத சங்கத்திடமா?

தப்பைப் பிடித்தவர்கள்

இருந்தாலும் பத்திரிகை ஆறு வருடம் ஓடியது. நடுவில் நின்று, 1697 மே மாதம் மறுபடி தொடங்கி, ஜூனில் முடிந்தது. மொத்தம் 580 இதழ்கள். எப்படித் தாக்குப் பிடித்தது?

ஒரு காரணம், தப்பைச் சுட்டிக்காட்ட ஆள் இருந்தது. பதில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அச்சில் வந்ததால், தெரிந்தவர்கள் மறுத்து எழுதினார்கள். 1692ல் டாம் பிரவுன் என்ற கேலி எழுத்தாளர் 'லாசிடெமோனியன் மெர்க்குரி' என்று போட்டிப் பத்திரிகையே தொடங்கி அதீனியர்களின் பதில்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். 1693ல் எல்கானா செட்டில் இவர்களைக் கேலி செய்து ஒரு நாடகம் எழுதினார். டன்டனுக்குக் கோபம் வந்தது. ஆனால் வாசகர்களுக்கு லாபம். தனி அறையில் ஒருவர் காதில் சொன்ன தப்பு அப்படியே தங்கிவிடும். பத்துப் பேர் பார்க்கச் சொன்ன தப்புக்கு ஆயுசு குறைவு.

ஆளைக் கேட்காதே, ஆதாரத்தைக் கேள்

ஏறக்குறைய 150 வருடம் கழித்து, 1849 நவம்பரில், லண்டனில் 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. தொடங்கியவர் வில்லியம் தாம்ஸ். 'ஃபோக்லோர்' என்ற ஆங்கிலச் சொல்லை 1846ல் உருவாக்கியவர் இவர்தான். இங்கே பன்னிரண்டு அறிஞர்கள் கிடையாது. ஒரு வாசகர் கேட்பார், இன்னொரு வாசகர் பதில் சொல்வார். பல பேர் வெறும் முதலெழுத்திலும் புனைபெயரிலும்தான் எழுதினார்கள்.

அப்படியானால் நம்புவது எப்படி? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த ஊர்ப் பதிவேடு என்று காட்டினால் பதிலுக்கு மதிப்பு. இதற்கு நல்ல உதாரணம் தாம்ஸே பிடித்துக்கொண்ட நூறு வயதுப் பிரச்சினை. எங்கள் ஊரில் 110 வயதுக் கிழவர் இருக்கிறார், 120 வயதுப் பாட்டி இருக்கிறார் என்று பேச்சுகள் உலவிக்கொண்டே இருந்தன. தாமஸ் பார் என்பவர் 152 வயதும் ஹென்றி ஜென்கின்ஸ் என்பவர் 169 வயதும் வாழ்ந்ததாக இங்கிலாந்து முழுவதும் நம்பினார்கள். தாம்ஸ் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: ஞானஸ்நானப் பதிவு எங்கே? 1873ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரிய மனிதர்கள் சாட்சி சொன்ன கதைகள் எல்லாம் ஒரு பதிவேட்டின் முன்னால் நிற்க முடியாமல் சரிந்தன.

இதே வழியை இன்னும் பெரிதாகச் செய்தது ஆக்ஸ்போர்டு அகராதி. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879ல் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் வேண்டுகோள் விடுத்தார். படிக்கிற புத்தகத்தில் சொல் வந்த வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஆசிரியர், நூல், வருடம், பக்கம் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்தன. அனுப்பியவர்களில் மிகச் சிறந்த ஒருவர் வில்லியம் மைனர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இவர் 1872ல் மனநோயின் பிடியில், லண்டனில் ஒரு பாவமும் அறியாத தொழிலாளி ஒருவரைச் சுட்டுக் கொன்றவர். பிராட்மூர் என்ற மனநோய்க் குற்றவாளிகள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தார். அங்கே இருந்துகொண்டுதான் ஆயிரக்கணக்கான சீட்டுகளை அனுப்பினார். இவர் யார் என்று மர்ரேக்கு ரொம்ப நாள் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். டன்டனின் சங்கத்துக்கு இல்லாத மரியாதையை எல்லாம் ஏற்றிக் காட்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் பதிலைச் சரிபார்க்க வாசகனிடம் வழி இல்லை. மைனருக்கு எந்த மரியாதையும் தேவைப்படவில்லை. இரவில் தன் அறைக்குள் ஆட்கள் வந்து துன்புறுத்துகிறார்கள் என்று நம்பிய அதே மனிதர் அனுப்பிய சீட்டு சரியாக இருந்தது. அது சரி என்று புத்தகத்தைத் திறந்து யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று

எல்லாக் கேள்விக்கும் பக்க எண் கிடைக்காது என்பதும் உண்மை. வாக்கை மீறலாமா என்று 1691ல் கடிதம் போட்டவனுக்கு எந்தப் பதிவேட்டையும் காட்ட முடியாது. அவனுக்கு வேண்டியிருந்தது, தன்னைத் தெரியாத ஒருவர் நிதானமாகச் சொல்லும் ஒரு வார்த்தை. தெரிந்தவர்களிடம் கேட்க முடியாததால்தானே அவன் காபிக் கடை முகவரிக்கு எழுதினான்! அந்த ஆறுதலை மூன்று பேர் சேர்ந்து கொடுத்தார்கள். அது பொய் இல்லை. பன்னிரண்டு பேர் என்று சொன்னதுதான் பொய்.

டன்டன் கடைசிக் காலத்தில் கடனில் மூழ்கி, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் 1732ல் இறந்துபோனார். 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' இன்றும் வெளிவருகிறது. வெளியிடுவது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம். அங்கே பதில் சொல்பவர் யாராக இருந்தாலும், பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.