இருதயம் வரைந்த கோடு

ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரிலே, வில்லெம் ஐந்தோவன் என்னும் பேராசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கருவியை அமைத்தார். ஏறக்குறைய 270 கிலோகிராம் நிறையுடைய அதனை இயக்குதற்கு ஐவர் வேண்டும். வைத்தியசாலைக்கு அதனை எடுத்துச் செல்லுதல் எங்ஙனம்? 1905ஆம் ஆண்டில், ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திலிருந்த நோயாளரின் இருதய மின்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுகூடத்திற்கு வரவழைத்தார் ஐந்தோவன். துடிப்பு அலைக்கோடாய்ப் பதிந்தது. 1924இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இருதயத்தின் கீழறைகள் இரண்டும் ஒருங்கே சுருங்குதல் வேண்டும். தளர்ந்த இருதயங்கள் சிலவற்றில் இடப்புற மின்வழி தடைப்பட, இடது அறை பிந்திச் சுருங்கும். ஒரு நுகத்திற் பூட்டிய எருதுகளுள் ஒன்று பிந்தி அடிவைத்தால் வண்டி நகரும், வலுவோ வீணாகும். ஐந்தோவன் கண்ட கோட்டிலே அப்போது அலை அகன்று தோன்றும்.

1994ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர்கள் இருதயத்தின் நான்கறைகளையும் மின்கருவியால் இசைவித்த செய்தியை வெளியிட்டனர். 2001இல் ஐக்கிய அமெரிக்கா இம்முறைக்கு அனுமதி வழங்கிற்று. மூச்சு வாங்கிப் படுக்கையிற் கிடந்தோர் பலர் எழுந்து நடந்தனர். ஆயினும் ஏறக்குறைய மூவருள் ஒருவர் தக்க பயன் பெற்றிலர். விலையுயர்ந்த கருவி, உடலினுள் இறங்கும் கம்பிகள், கிருமி தொற்றும் அபாயம். பயன்பெறுவார் யாரென முன்னறிதல் வீண் ஆராய்ச்சியன்று.

கண்ணாற் கண்டதை நம்புதல் மனித இயல்பு. ஒலியலைப் படத்திலே இருதயச் சுவர் பிந்தி அசைவதை நேரிற் காணலாமன்றோ? 2008இல் வெளிவந்த ஆய்வொன்று 498 நோயாளரிடம் அத்தகைய 12 அளவைகளைச் சோதித்தது. தனித்து நம்பத்தக்கது ஒன்றேனும் இல்லை. அளப்பவர் மாற அளவும் மாறிற்று.

2013ஆம் ஆண்டின் ஆய்வோ துயரமானது. அலை அகலாதிருந்தும் படத்திலே இசைவின்மை தோன்றிய 809 பேருக்குக் கருவி பொருத்தி, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டுமே இசைவிக்கும் தூண்டலை இயக்கினர். இயக்கப்பட்டோருள் 45 பேரும் மற்றையோருள் 26 பேரும் இறந்தனர். ஆய்வு இடைநடுவே நிறுத்தப்பட்டது.

வைத்தியர்கள் பழைய கோட்டையே மீண்டும் நாடினர். ஒரு செக்கனை ஆயிரங் கூறிட்டால், அலையின் அகலம் அவற்றுள் 150 கூறோ அதற்கு மேலோ இருந்து, இடப்புற மின்வழித் தடையும் காணப்படின், நம்பிக்கை மிகுதி. பெண்கள் சற்றே குறைந்த அகலத்திலும் நற்பயன் அடைகின்றனர். ஆனால், தழும்பேறிய தசையிலே கம்பியின் முனை பொருந்துமாயின், கோடு எவ்வளவு அகன்றிருப்பினும் பயன் குன்றும்.