திரும்பி வந்தால் வேலை யாருக்கு?

2025 மே மாதம், எல்லையில் பதற்றம் ஏறியபோது, பிராந்திய ராணுவத்தைப் பணிக்கு அழைக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது. அதன் 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ அழைக்கலாம் என்றது அந்த ஆணை. பிராந்திய ராணுவத்தினர் வேறு தொழில் பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுபவர்கள். நெருக்கடி வந்தால் சீருடை அணிபவர்கள்.

அப்படிப் போகிறவரின் வேலை என்ன ஆகும்? 1948ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டத்தில் 7ஏ பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. முதலாளி விடுப்பு தர வேண்டும். திரும்பி வந்ததும், முன்பிருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் ஆறு மாத ஊதியம் வரை இழப்பீடு கொடுக்க உத்தரவிடலாம். 7பி பிரிவு வருங்கால வைப்பு நிதி உரிமைகளைக் காக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம், போர்ச் சூழலில் பணியாற்றுபவர் மீதான உரிமையியல் வழக்கை நிறுத்திவைக்க வழி செய்கிறது.

நல்ல சட்டங்கள்தான். ஆனால் இவை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டவை? சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ளவரை, நீதிமன்றம் வரை போகும் சொத்து உள்ளவரை.

படவேட்டில் வாழைத்தோட்டத்துக்கு நாள்கூலிக்குப் போகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொன்று. 7ஏ பிரிவு சொல்லும் ‘முதலாளி’ என்று அவர் யாரைக் காட்டுவார்? கந்துவட்டிக்காரர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, வீட்டு வாசலுக்குத்தான் வருவார். அவரை எந்தச் சட்டம் நிறுத்திவைக்கும்?

ஆபத்தில் அழைத்து, ஆபத்து தீர்ந்ததும் கைவிடுவது நமக்குப் பழகிய வரலாறு. ‘போர்க்குடி அல்ல’ என்று ஒதுக்கப்பட்ட மகர்களை, முதல் உலகப் போருக்காக 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவில் சேர்த்தார்கள், 1921இல் கலைத்தார்கள். பறையர்கள் பலர் பணியாற்றிய மெட்ராஸ் பயனியர் படை 1933இல் கலைக்கப்பட்டது. 1943இல் உருவான சமார் படைப்பிரிவுக்கு ஆயுள் மூன்றே ஆண்டு. 1941இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற அண்ணல் அம்பேத்கர் மகர் படைப்பிரிவுக்காக வாதாடினார். அந்த ஆண்டு அக்டோபரில் உருவான அப்படைப்பிரிவு இன்றும் இருக்கிறது. கேட்டு வாங்கியது மட்டும்தான் நிலைத்தது.

இப்போதும் கேட்போம். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரிய அட்டையை வேலைக்கான சான்றாக ஏற்க வேண்டும். முதலாளி இல்லாதவருக்கு, இழந்த கூலியை அரசே தர வேண்டும். வீட்டுக் கடனுக்கும் நகைக் கடனுக்கும் பணிக்காலம் முடியும்வரை தவணை நிறுத்தம் வேண்டும். நாட்டைக் காக்கப் போகிறவரின் அடுப்பு அணையாமல் பார்ப்பதும் நாட்டின் கடமைதான்.