படிமத்தைப் படிக்கும் உரிமை: எதிர்மின்னி நுண்ணோக்கியின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், ஒரு கருவி எதைக் காட்டிற்று என்பதையே பெரிதும் எழுதுவர். அது காட்டியதைப் பிறரும் படிக்க முடிந்ததா என்னும் வினா அரிதாகவே எழும். மொழியியல் பயின்ற நமக்கோ இரண்டாம் வினாவே முதன்மையானது. எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின்னியைக் கொண்டு இயங்கும் நுண்ணோக்கியின் வரலாற்றை அவ்வினாவோடு அணுகுவோம்.

1931ஆம் ஆண்டு பெர்லினில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா ஆகிய இருவரும் ஒளிக்கு மாற்றாக எதிர்மின்னிக் கற்றையையும், கண்ணாடி வில்லைக்கு மாற்றாகக் காந்தச் சுருளையும் பயன்படுத்தி முதல் கருவியை அமைத்தனர். 1939இல் சீமென்ஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலப் படிமங்கள் ஒளிப்படத் தகடுகளில் பதிவாயின. தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் எவரும் பார்க்கலாம்; பார்ப்பதற்கு, அதனை எடுத்த கருவி தேவையில்லை.

1968இல் கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் டேவிட் டிரோசியர், ஆரன் குளூக் ஆகியோர் இப்படிமங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும் முறையை வகுத்தனர். பின்னர், படிமம் எண்களின் வரிசையாக மாறியது. கருவி செய்வோர் அவ்வெண்களைத் தத்தம் முறையில் கோப்புகளாக்கினர். ஒருவரின் கோப்பை மற்றவரின் மென்பொருள் திறக்க இயலாத நிலை தோன்றியது.

இந்நிலை தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. ஜொகூரில் தட்டச்சு செய்த வினாத்தாள், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் பொதுத்தரம் காண முயன்றது; காலப்போக்கில் ஒருங்குறி நிலைபெற்றது. இன்று எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறுவதில்லை.

நுண்ணோக்கித் துறையில் அத்தகைய பொதுவடிவம் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலேயே உருவாயிற்று. கிரவுதர், ஹெண்டர்சன், ஸ்மித் ஆகியோர் 1996இல் அதனைக் கட்டுரையாக விளக்கினர். எம்.ஆர்.சி. எனப்படும் அவ்வடிவத்தின் தலைப்பகுதி 1024 பைட்டுகள் கொண்டது. அதன் முதல் மூன்று எண்கள் படிமத்தின் நிரல், நிரை, அடுக்கு ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கூறும். நான்காவது எண், தரவின் வகையைக் கூறும். இவ்விலக்கணம் வெளிப்படையானது, ஆதலால் எந்நாட்டு மாணவரும் அதனைப் படிக்கும் நிரலை எழுதலாம்.

இதன் பயன் விரைவில் புலப்பட்டது. 2002இல் எதிர்மின்னி நுண்ணோக்கித் தரவு வங்கி ஐரோப்பாவில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் டேவிட் மாஸ்ட்ரோநார்டே உருவாக்கிய சீரியல்-இஎம் என்னும் மென்பொருள், வெவ்வேறு நிறுவனங்களின் நுண்ணோக்கிகளை ஒரே முறையில் இயக்கியது. 2012இல் சோர்ஸ் ஷெரெஸ் ரிலையான் என்னும் மென்பொருளின் மூலநிரலையே பொதுவில் வைத்தார். சிதம்பரத்தில் பிறந்து, 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் குழு, ஷெரெசுடன் இணைந்து ஈஸ்ட் இழைமணியின் ரைபோசோம் பெருந்துணையலகின் வடிவத்தை 2014இல் வெளியிட்டது. அதன் நுணுக்கம் 3.2 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. ரைபோசோமைப் படிகமாக்கி ஆராய்ந்து பரிசு பெற்ற அறிஞர், படிகமே வேண்டாத முறைக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

எனினும் பணி முற்றுப்பெறவில்லை. கோப்பு திறந்துள்ளது, கருவியின் உட்பகுதியோ பெரும்பாலும் மூடியே உள்ளது. பழுது நீக்கவும் புதிய உறுப்பைப் பொருத்தவும் ஆய்வாளர் நிறுவனத்தையே நாட வேண்டும். செல்வமற்ற நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெருஞ்சுமை. கனடாவின் நானோமி என்னும் திட்டம், நுண்ணோக்கியின் உறுப்பு வரைபடங்களையே பொதுவில் வைத்து இத்தடையைக் கடக்க முயல்கிறது.

மாணவர்கள் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டின் காலத்தில் இயல்பாக இருந்த திறந்த தன்மையை, எண்களின் காலத்தில் அறிஞர்கள் கூடி உழைத்தே மீட்டனர். புதிய கருவியோ செயலியோ நம் பள்ளிக்கு வரும்போது அதன் திறனை வினவுவதோடு, அதில் பதிந்ததை அஃது இல்லாதவரும் படிக்க இயலுமா என்றும் வினவுவோம். இயலாதெனின், நாம் இன்று சேர்ப்பது அடுத்த தலைமுறைக்குப் பூட்டிய பேழையாகவே சென்று சேரும்.