நிறைகோலும் மகமையும்: விருதுநகர்க் கடைகளின் வரலாறு

கோயிலும் கடைவீதியும் நம் நாட்டில் ஒன்றையொன்று பிரிந்து வாழ்ந்தன அல்ல. திருக்கோயில் எழுந்தவிடத்தே அங்காடி எழுந்தது. அங்காடி செழித்தவிடத்தே திருப்பணி செழித்தது. நாள் வழிபாட்டிற்கு வேண்டும் அரிசியும் பருப்பும் மிளகும் மஞ்சளும் கற்பூரமும் கடையினின்றே வருதல் வேண்டும். ஆகலின், கோயில் வரலாற்றை அறியப் புகுவார் கடையின் வரலாற்றையும் ஓரளவு அறிந்திருத்தல் நன்று. அரசர் அளித்த ஊரும் பொன்னும் கல்லில் பொறிக்கப்பட்டன. நாள்தோறும் பல குடும்பங்களுக்கு உப்பும் புளியும் நிறுத்துக் கொடுத்த சிறு கடைக்காரர் வரலாறோ பேரேட்டோடு நின்றது; பேரேடு செல்லரித்தபோது அதுவும் மறைந்தது.

ஆயினும் கல்வெட்டுகள் வணிகரை முற்றும் மறந்தன என்று சொல்லுதற்கில்லை. தஞ்சைப் பெருங்கோயிலில் பிள்ளையார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைத்தற்பொருட்டு முதல் இராசராச சோழன் 360 காசு வைத்தான். அக்காசு கருவூலத்துட் பூட்டி வைக்கப்படவில்லை. தஞ்சையின் பெருந்தெருக்களிலும் பேரங்காடியிலும் வாழ்ந்த நகரத்தாரிடம் முதலாகக் கொடுக்கப்பட்டது. காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டியாக, 360 காசுக்கு 45 காசு வரும். காசுக்கு 1200 பழமாக ஆண்டிற்கு 54,000 பழம் ஆகும். 360 நாளைக்கு நாளொன்றுக்கு 150. கணக்கு ஒரு பழமும் கூடாமல் குறையாமல் நிற்கின்றது. கோயிற் பொருளை நம்பி வைத்தற்கு உரிய இடம் கடை என்று அக்காலத்தார் கருதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. அக்கோயிலிலே பொன் நிறுத்த கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்னும் கூத்தப்பெருமான் திருப்பெயரையே இட்டு வழங்கினர். அளவையைப் பிழைத்தல் இறைவனைப் பிழைத்தல் என்பது அதன் கருத்துப்போலும்.

பெரியபுராணம் போற்றும் அமர்நீதி நாயனாரும் வணிகரே. திருநல்லூரில் அவரை ஆட்கொள்ள வந்த பெருமான் ஒரு கோவணத்தையும் ஒரு நிறைகோலையுமே கருவியாகக் கொண்டான். நாயனார் தம் செல்வம் அனைத்தையும் தட்டில் இட்டும் கோல் நேர் நில்லாதாக, மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறினார். கோல் நேர் நின்றது. நிறைகோல் பொய்யாது என்பதே வணிகர்க்கு அப்புராணம் தரும் பாடம்.

இவை பழங்காலத்துச் செய்திகள். அண்மைக் காலத்தே, அரசர் ஆதரவு இன்றி, கோயில் வாயிலுங்கூடத் தமக்குத் திறவாதிருந்த நாளில், நிறைகோல் ஒன்றனையே துணையாகக் கொண்டு உயர்ந்த கடைக்காரர் வரலாறு ஒன்று உண்டு. அது விருதுநகரின் வரலாறு. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் காணப்பெறும் குடும்ப மளிகைக் கடையின் வரலாறும் அதுவே.

விருதுநகர்க்கு முன்னைப் பெயர் விருதுபட்டி. 1923 ஆம் ஆண்டிலேதான் இன்றைய பெயர் அமைந்தது. வற்றாத ஆறு அங்கே இல்லை. நெல் விளையும் வளவயல் இல்லை. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல். பருத்தியும் மிளகாயும் மல்லியும் பயறு வகைகளும் அம்மண்ணுக்கு உரியன. விளைவிப்பவர்க்குச் சந்தை வேண்டும். வாங்குவார்க்குச் சரக்கு வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று ஊரை வளர்த்தவர் நாடார் வணிகர்.

இவருடைய முன்னோர் பலர் தெற்கே திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவர். கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகிய சரக்குகளை மாட்டின் மேலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றனர். வழியிற் கள்வர் அச்சம் மிகுதி. இரவில் மாடுகளையும் சரக்கையும் காத்துத் தங்குதற்கு மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தனர். அவை பேட்டை எனப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்னும் ஊர்களில் இத்தகைய வணிகக் குடியிருப்புகள் வலுப்பெற்றன. இரவுத் தங்கலாகத் தொடங்கிய பேட்டை நாளடைவில் கடைத்தெரு ஆயிற்று. கடைத்தெரு ஊர் ஆயிற்று. 1876 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை ஓடிய பின்னர் விருதுபட்டியின் சரக்கு தொலைதூரம் சென்றது.

பேட்டையைக் கட்டிக் காத்தல் ஒருவரால் இயலாது. ஆகவே ஊரிலுள்ளார் அனைவரும் உறவின்முறை என்னும் சபையாகக் கூடினர். வந்த சரக்கின்மீதும் போன சரக்கின்மீதும் ஒரு சிறு பங்கைப் பொதுவிற்கென எடுத்து வைத்தனர். இதுவே மகமை. ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று அளவு வகுத்திருந்தமையால், பெரிய வணிகர்க்கும் சிறிய வணிகர்க்கும் முறை ஒன்றே, தொகையே வேறு. இலாபம் கண்ட பின் கொடுப்பதன்று மகமை. விற்றவுடன் எடுத்து வைப்பது. நட்டம் வந்த நாளிலும் அது நின்றதில்லை. கிணறும் சாவடியும் கோயிலும் இப்பொருளால் எழுந்தன.

இனி, கடையின் உட்புறத்தைச் சிறிது நோக்குவோம். முன்புறம் மரப்பலகைகள், காலையில் ஒன்றொன்றாகக் கழற்றி, இரவில் எண் வரிசைப்படி மாட்டுவர். வாயிலில் நீர் தெளித்து, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிய பின்னரே முதல் விற்பனை. நடுவே கல்லாப்பெட்டி, அதன்பின் தந்தை. மிளகாய் மூட்டையும் பருப்பு மூட்டையும் வாய் மடித்து முன்னே நிற்கும். புளி பானையில், எண்ணெய் தகரத்தில், கடுகும் சீரகமும் வெந்தயமும் சிறு பெட்டிகளில். மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து நூல் இறங்கிவரும். பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டிச் சரக்கை இட்டு, இரண்டு சுற்றில் கட்டிவிடுதல் கடைப்பையன் முதலிற் கற்கும் வித்தை.

அச்சிறு கடையில் உலகமே அடங்கியிருந்தது. பெருங்காயம் வடமேற்கே ஆப்கானிய நாட்டு மலைகளிலிருந்து வந்தது. கிராம்பும் சாதிக்காயும் கீழ்த்திசைத் தீவுகளுக்கு உரியன. மிளகாயோ அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. பழைய மரபு மாறாத மடைப்பள்ளிகள் இன்றும் மிளகாயைக் கொள்ளாமல் மிளகையே கொள்வது இதனாலேயே. ஆயினும் கரிசல் நிலம் மிளகாயைத் தன் பயிராகவே ஏற்றுக்கொண்டது; விருதுநகர்ச் சந்தையின் பெயர் அதனாற் பரவியது. பருப்பும் மிளகாயும் மல்லியும் அங்கு என்ன விலைக்கு விற்றன என்பதைச் செய்தித்தாள் பார்த்து அறிந்துகொண்டு பிற ஊர்க் கடைக்காரர் விலை வைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

கடைக்குக் கல்விச்சாலை கடையே. தெற்கத்திச் சிற்றூரிலிருந்து உறவினர் மகன் ஒருவன் இளமையிலேயே வந்து சேர்வான். அங்கேயே உண்பான், மூட்டைகளின் நடுவே உறங்குவான். முதலில் பெருக்குதல், பின் கட்டுதல், பின் நிறுத்தல், இறுதியிலேதான் கல்லாவில் இருத்தல். பல ஆண்டு கழிந்து அவன் நம்பிக்கைக்கு உரியவன் என்று தெரிந்தால், முதலாளி வேறோர் ஊரில் அவனுக்குக் கடை வைத்துக் கொடுப்பார். அன்றேல் சரக்கைக் கடனாகத் தருவார். வாங்கிய கடனை விற்றுத் திருப்புவான். அவனும் பின்னர் ஒரு பையனை வரவழைப்பான். தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் அண்ணாச்சி கடை என்று மக்கள் அன்போடு அழைக்கும் மளிகைக் கடைகள் இவ்வாறே பெருகின. எழுத்துப்பத்திரம் சிறிது; வாக்கே பெரிது.

அளவைகள் காலந்தோறும் மாறின. எட்டு ஆழாக்கு ஒரு படி. மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. இவற்றை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் 1957 ஆம் ஆண்டில் நயா பைசாவையும், 1958 முதல் படிப்படியாகக் கிராமையும் கிலோவையும் கற்றனர். கல் மாறியது, கோல் நேர் நிற்றல் மாறவில்லை. கடனுக்கு வாங்கும் குடும்பத்திற்கு ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருக்கும். மாதச் சம்பளம் வந்தால் கணக்குத் தீர்ப்பர். மழை பொய்த்தால் அறுவடை வரையில் கடைக்காரர் காத்திருப்பார். வட்டி மிகுதியாக வாங்கிய கடையும், கோலைச் சாய்த்த கையும் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அத்தகைய கடை ஒரே தெருவில் மூன்று தலைமுறை நிலைத்தல் அரிது. ஏனெனில் வாங்குவோர் அண்டை வீட்டார். அவர்கள் வீட்டிலும் படி உண்டு.

இத்துணை நேர்மையோடு உழைத்த இவ்வணிகர்க்கு ஒரு பெருங்குறை நேர்ந்தது. கற்பூரமும் எண்ணெயும் இவர் கடையில் வாங்கப்பட்டன. ஆனால் அவற்றை இறைவன் முன்னிலையில் ஏற்றும்போது இவர் மதிலுக்கு வெளியே நிற்கவேண்டியிருந்தது. 1897 ஆம் ஆண்டில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுட் சென்று வழிபட்ட நாடார் சிலர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவ்வழக்கு மேல்முறையீடுகளைக் கடந்து இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரையிற் சென்றது. 1908 ஆம் ஆண்டில் அவர்களுக்கு மாறாகவே முடிந்தது. இடையே 1899 ஆம் ஆண்டில் சிவகாசியில் நேர்ந்த கலகத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் மடிந்தன.

இங்கே சைவ உலகம் நினைந்து நாணத்தக்கது ஒன்று உண்டு. அறுபத்துமூவருள் ஒருவராகிய ஏனாதிநாத நாயனாரை ஈழக்குலச் சான்றார் என்று சேக்கிழார் குறிக்கின்றார். அம்மரபைத் தம் மரபாகப் போற்றுவோர் நாடார் பெருமக்கள். திருச்சுற்று மாளிகையில் நாயனார்க்குத் திருமேனி உண்டு, பூசை உண்டு. அவர் மரபினர் என்போர்க்கோ உள்ளே புகுதலும் குற்றமாயிற்று! தொண்டர் பெருமையைப் புராணம் ஓதிக் கேட்டவர்களே இதனையும் கண்டுகொண்டிருந்தனர்.

வாயில் மூடப்பட்டவர்கள் என்ன செய்தனர்? மகமையை நிறுத்தவில்லை. 1889 ஆம் ஆண்டிலேயே விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவியிருந்தனர். கடையில் ஆடவர் எடுத்த மகமை போதாதபோது வீட்டில் மகளிர் துணைநின்றனர். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்தில் இடுவர். அப்பிடியரிசி பள்ளிக்குச் சேரும். நிறைகோல் வீட்டுக்குள்ளும் சென்றது. ஒரு தட்டில் தம் பசி, மறுதட்டில் ஊர்ப் பிள்ளைகளின் கல்வி. 1921 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. அது 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் பெற்றது. 1947 ஆம் ஆண்டில் விருதுநகரில் கல்லூரியும் எழுந்தது.

பிடியரிசியால் வளர்ந்த பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவர் 1903 ஆம் ஆண்டு சூலை 15 ஆம் நாள் அவ்வூரில் ஒரு தேங்காய் வணிகர்க்கு மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பை விட்டு மாமன் துணிக்கடையில் அமர்ந்தார். அவரே கு. காமராசர். 1954 முதல் 1963 வரையில் தமிழகத்தின் முதலமைச்சராய் இருந்த அவர், 1956 ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளில் மதிய உணவு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு தெருவின் பிடியரிசி ஒரு நாட்டின் சோறாயிற்று என்றால் அது மிகையன்று.

கோயில் வாயிலும் திறந்தது. 1939 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் உடனழைத்துச் சென்றார். அவ்வாண்டிலேயே அதற்குத் துணையாகச் சட்டம் வந்தது. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை எங்கும் உறுதிப்படுத்தியது. நெடுங்காலம் வெளியே நின்றோர் உள்ளே வந்தபோது கோயில் குறைந்துவிடவில்லை; நிறைந்தது. அதன்பின் எழுந்த திருப்பணிகள் பலவற்றில் அவர்கள் பொருளும் கலந்துள்ளது.

இன்று பெருநகர்களிலும் சிறுநகர்களிலும் பேரங்காடிகள் பெருகிவிட்டன. 2017 ஆம் ஆண்டு முதல் சரக்கு சேவை வரி. கல்லாவருகே கைபேசிக்குக் காட்டும் சதுரக் குறியீட்டு அட்டை. படித்த மக்கள் தந்தையின் கடைக்குத் திரும்பாமையால் பலகை மாட்டியபடியே நின்றுவிட்ட கடைகளும் உண்டு. மகமை எழுப்பிய கல்வியே அம்மக்களை வேறு தொழிலுக்கு அழைத்துச் சென்றது. அதற்கு வருந்துவதா, மகிழ்வதா என்று பெரியவர்களாற் சொல்ல இயலவில்லை. ஆயினும் 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்த நாட்களில், தெருமுனைக் கடையின் பாதிப் பலகை திறந்திருந்தது. கையிற் காசில்லார்க்கும் குறிப்புப் புத்தகம் அங்கே இருந்தது.

குடமுழுக்கு நாளில் பெருங்கொடையாளர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பெறுகின்றன, அது தக்கதே. ஆனால் அக்கொடையின் வேரைத் தேடின், எங்கோ ஒரு கடையில் நிறைகோல் நேர் நின்றதும், விற்ற மூட்டைக்கு ஒரு சிறு பங்கு தனியே வைக்கப்பட்டதும், ஓர் அன்னை உலைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கியதும் தோன்றும். கொடுப்பது பெரிதா சிறிதா என்பதன்று வினா; நாள்தோறும் கொடுத்தோமா என்பதே வினா. கோயிலுட் புகவொட்டாத நாளிலும் அறத்தை விடாது கொடுத்தவர் கை அதற்கு விடை கூறும். அக்கை வாழ்க! அது தாங்கிய கோல் என்றும் நேர் நிற்க!