பெயரை மறைத்து களமிறங்கும் ஆன்லைன் கேமர்கள்... முகமூடிக்குப் பின்னால் யார்? 'எல்லி' விவகாரம் முதல் ஆதார் விதி வரை!

2018 டிசம்பர். 'ஓவர்வாட்ச்' என்ற ஷூட்டிங் கேமின் வட அமெரிக்கத் தரவரிசையில் 'எல்லி' என்ற யூசர்நேம் மளமளவென மேலே ஏறியது. மைக்கில் கேட்டது பெண் குரல். உண்மைப் பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனா ஆட்டம் மட்டும் பிரமாதம். 'ஓவர்வாட்ச் கன்டெண்டர்ஸ்' என்ற தொழில்முறைத் தொடரில் ஆடிய 'செகண்ட் விண்ட்' அணி, எல்லியை ஒப்பந்தம் செய்தது.

அறிவிப்பு வந்ததுமே சந்தேகக் கேள்விகள் கிளம்பின. உண்மையிலேயே பெண்தானா, ஆடுவது அவர்தானா என்று ரசிகர்கள் துருவ ஆரம்பித்தார்கள். அவருடைய தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவோம் என்று சிலர் மிரட்டினார்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில், எல்லி அணியிலிருந்து விலகினார். 'ஒரு பெண்ணை விரட்டிவிட்டீர்களே' என்ற கோபம் கேமிங் உலகம் முழுக்க எழுந்தது. அடுத்த சில நாட்களில்தான் யாரும் எதிர்பார்க்காத திருப்பம்!

அந்தத் திருப்பத்துக்கு வருவோம். அதுக்கு முன்னாடி, கேமர்கள் ஏன் பெயரை மறைக்கிறார்கள், அந்த மறைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கலாம்.

யூசர்நேம் யாரிடமிருந்து மறைக்கிறது?

எழுத்தாளர் ரங்கராஜன், மனைவியின் பெயரான 'சுஜாதா'வில் எழுதியது நமக்குத் தெரியும். வாசகருக்குத் தெரியாத நாட்களிலும், பத்திரிகை ஆசிரியருக்கு யார் எழுதுகிறார் என்று தெரிந்திருக்கும். கேமிங்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இதில் மூன்று அடுக்குகள் இருக்கு.

முதல் அடுக்கு, திரையில் தெரியும் பெயர். இதை நினைத்தபோது மாற்றலாம். இரண்டாவது, கணக்கு. உதாரணத்துக்கு, 'ஸ்டீம்' தளத்தில் பெயரை எத்தனை முறை மாற்றினாலும், அந்தக் கணக்குக்கான 17 இலக்க எண் மாறாது. கூடவே ஐபி முகவரி, ஆடும் கருவியின் விவரம், மொபைல் எண் அல்லது இமெயில் எல்லாம் கம்பெனியிடம் இருக்கும். மூன்றாவது அடுக்கு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

அதாவது, எதிரே ஆடுபவருக்குத்தான் நீங்கள் யாரோ. கம்பெனிக்கு உங்கள் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனா அந்தக் கணக்கை இப்போது இயக்குவது நீங்களா, உங்கள் அண்ணனா, காசு வாங்கிக்கொண்டு ஆடித் தரும் வேறொருவரா என்பது கம்பெனிக்கும் எளிதில் தெரியாது. பெரும்பாலான சிக்கல்கள் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

திறமைசாலிகள் ஏன் மறைந்து ஆடுகிறார்கள்?

முதல் காரணம், உத்தி கசியக் கூடாது என்பது. 'ஸ்டார்கிராஃப்ட் 2' கேமில் இதுக்கு ஒரு சுவாரசியமான வழி உண்டு. ஆங்கிலத்தின் சின்ன 'எல்' எழுத்தும் பெரிய 'ஐ' எழுத்தும் திரையில் ஒரே மாதிரி நேர்கோடாகத் தெரியும். இந்த இரண்டையும் கலந்து வரிசையாக அடித்து, அதையே பெயராக வைத்துக்கொள்வார்கள். பார்க்க கடையில் பொருட்களின் மேல் இருக்கும் பார்கோடு போலவே இருப்பதால், இந்தக் கணக்குகளுக்கு 'பார்கோடு' என்றே பெயர்! பல தொழில்முறை ஆட்டக்காரர்கள் இப்படி ஒளிந்துதான் புதிய உத்திகளைப் பழகுகிறார்கள். நாளைய போட்டியில் எதிரே வரப்போகிறவர் இன்றைக்கே அதைப் பார்த்துவிடக் கூடாது அல்லவா?

இரண்டாவது காரணம், பெயரின் பாரம் இல்லாமல் ஆடலாம். செஸ் உலக சாம்பியனாக இருந்த மேக்னஸ் கார்ல்சன், 2018-ல் 'லிசெஸ்' தளத்தின் போட்டிகளில் 'டாக்டர் டிரங்கன்ஸ்டைன்' என்ற பெயரில் களமிறங்கினார். 'டிரங்கன்' என்றால் குடிபோதை. பிறகு வந்த இன்னொரு பெயர் 'டாக்டர் நிக்டர்ஸ்டைன்'. நார்வே மொழியில் 'நிக்டர்' என்றால் போதை இல்லாத நிதானம். ரசிகர்கள் சீக்கிரமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்தக் கண்டுபிடிப்பு எப்போதும் சரியாக இருக்காது. 2001-ல் பிரிட்டன் கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட், இணையத்தில் பெயர் தெரியாத ஒருவரிடம் அதிவேக ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றார். காணாமல் போயிருந்த ஜாம்பவான் பாபி ஃபிஷரே அவர் என்று ஷார்ட் நம்பி, பத்திரிகையிலும் எழுதினார். ஃபிஷர் அதை மறுத்துவிட்டார். அப்போ எதிரே ஆடியது யார்? இன்றுவரை உறுதியான பதில் இல்லை.

மூன்றாவது காரணம், சோதனை. 2016 டிசம்பர் இறுதியில், 'கோ' என்ற பலகை விளையாட்டின் ஆன்லைன் தளங்களில் 'மாஸ்டர்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். சீனா, தென்கொரியா, ஜப்பான் நாடுகளின் முன்னணி வீரர்களை வரிசையாக வீழ்த்தினார். அப்போது உலகின் நம்பர் 1 வீரராக இருந்த கே ஜியேவும் தோற்றார். மொத்தம் 60 வெற்றிகள். 2017 ஜனவரி 4-ம் தேதி கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உண்மையைச் சொன்னது. 'மாஸ்டர்' மனிதரே இல்லை, 'ஆல்பாகோ' என்ற ஏஐ-யின் புதிய வடிவம்!

இதே நிறுவனம் 2019-ல் 'ஸ்டார்கிராஃப்ட் 2'-ல் தன் ஏஐ-யைப் பெயர் மறைத்து ஆடவிட்டபோது, முன்கூட்டியே அறிவிப்பு வந்தது. சம்மதம் சொன்னவர்களுடன் மட்டுமே அது மோதியது. எதிரே இருப்பது இயந்திரமா மனிதரா என்று தெரிந்துகொள்ள ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் அதற்குள் வந்திருந்தது.

பெண்களுக்கு இது விருப்பமா, கட்டாயமா?

நான்காவது காரணம்தான் முக்கியமானது. வாய்ஸ் சாட்டில் பெண் குரல் கேட்டதும் ஆட்டத்தை விட்டுவிட்டு கிண்டல், ஆபாசம், மிரட்டல் என்று இறங்குபவர்கள் உண்டு. அதனால் பல பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, பெண் என்று காட்டாத ஒரு பெயரில் ஆடுகிறார்கள். பார்கோடு வைத்திருப்பவருக்கு முகமூடி ஒரு உத்தி. இவர்களுக்கு அது ஹெல்மெட் மாதிரி. கழற்றினால் அடிபடும்.

திறமையைக் காட்டினாலும் சந்தேகம் விடாது. 2016-ல் தென்கொரியாவின் கிம் சே-யோன் 'கெகுரி' என்ற பெயரில் 'ஓவர்வாட்ச்' ஆடி வந்தார். வயது 17. அவருடைய குறி தப்பாத ஆட்டத்தைப் பார்த்த எதிரணி வீரர்கள், சாஃப்ட்வேர் உதவியுடன் ஏமாற்றுகிறார் என்று குற்றம்சாட்டினார்கள். அது தவறானால் ஆட்டத்தை விட்டே விலகுவதாகவும் சவால் விட்டார்கள்.

கெகுரி என்ன செய்தார் தெரியுமா? ஸ்டுடியோவுக்கு வந்து, கையும் திரையும் கேமராவில் தெரிய, நேரலையில் ஆடிக் காட்டினார். குற்றம்சாட்டிய இருவரும் விலகினார்கள். 2018-ல் 'ஷாங்காய் டிராகன்ஸ்' அணியில் சேர்ந்த அவர், ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார்.

எல்லி யார்?

இப்போ அந்தத் திருப்பத்துக்கு வரலாம். எல்லி விலகிய சில நாட்களில், ஓவர்வாட்சை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் விசாரணை முடிவைச் சொன்னது. எல்லி என்ற நபரே இல்லை. அனுபவமுள்ள வேறொரு ஆட்டக்காரர் தன் அடையாளத்தை மறைக்க உருவாக்கிய போலிக் கணக்கு அது. பின்னால் இருந்தது ஒரு ஆண். இதை ஒரு 'சமூகப் பரிசோதனை' என்று அவர் சொன்னதாக ஒரு ஸ்ட்ரீமர் தெரிவித்தார். மறைந்திருப்பவரின் தனியுரிமையை மதித்து அதிகம் துருவிக் கேட்கவில்லை என்று அணித் தரப்பு விளக்கம் கொடுத்தது.

இந்த 'பரிசோதனை'யின் விலையை யார் கொடுப்பது? அந்த ஆட்டக்காரர் பழைய பெயருக்கே திரும்பிப் போய்விடலாம். ஆனா அடுத்து பெயரை மறைத்து வரும் உண்மையான ஒரு பெண்ணிடம், 'நீயும் எல்லிதானே?' என்ற கேள்வி காத்திருக்கும். கெகுரி ஸ்டுடியோ வரை வந்து நிரூபித்ததை, இன்னும் எத்தனை பேர் எத்தனை முறை நிரூபிக்க வேண்டியிருக்கும்?

ஏமாற்றுபவர்களுக்கும் இதே முகமூடிதானே?

ஆமாம். நன்றாக ஆடத் தெரிந்தவர் புதுக் கணக்கு தொடங்கி, கற்றுக்குட்டிகளை வெளுத்து வாங்குவதற்கு 'ஸ்மர்ஃபிங்' என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு மற்றவர் கணக்கில் ஆடி, தரவரிசையை உயர்த்திக் கொடுப்பது 'பூஸ்டிங்'. தென்கொரியாவில் 2019 முதல் பூஸ்டிங் தொழில் குற்றம். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை அல்லது 2 கோடி வோன் அபராதம் விதிக்கலாம்.

இந்திய உதாரணமும் இருக்கு. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த 'எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட்' கவுண்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், 'ஆப்டிக் இந்தியா' அணியின் 'ஃபோர்சேக்கன்' என்ற ஆட்டக்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டார். போட்டி நடுவர் கணினியைச் சோதித்தபோது, 'வேர்ட்' என்று அப்பாவியாகப் பெயர் வைக்கப்பட்டிருந்த ஒரு ஃபைல் சிக்கியது. அதுதான் குறிபார்க்க உதவும் ஏமாற்று சாஃப்ட்வேர். அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அவருக்கு 5 ஆண்டு தடை விதிக்கப்பட்டது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவர் யார் என்பது அணிக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் ஏற்கெனவே தெரியும். ஏமாற்றைக் காட்டிக்கொடுத்தது அவருடைய உண்மைப் பெயர் இல்லை, கணினியில் நடந்த நேரடிச் சோதனை. அதனால்தான் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றுகள், எல்லோரும் ஒரே அரங்கில் நேரில் உட்கார்ந்து ஆடும் வகையில் நடத்தப்படுகின்றன.

எல்லோரும் உண்மைப் பெயரைக் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

தென்கொரியா இதை முயன்று பார்த்தது. 2007 முதல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத, அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. 2011-ல் ஒரே நிறுவனத்தின் இரண்டு தளங்கள் ஹேக் செய்யப்பட்டு, சுமார் 3.5 கோடி பேரின் விவரங்கள் கசிந்தன. 2012-ல் அந்த நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக் கூடாது என்று 2011-ல் வந்த தடையையும், பல சிறுவர்கள் பெற்றோரின் அடையாள எண்ணை வைத்துத் தாண்டினார்கள். 2022 தொடக்கத்தில் அந்தத் தடையும் நீங்கியது.

சீனாவில் கேம் ஆட உண்மைப் பெயர்ப் பதிவு கட்டாயம். 2021-ல் வந்த விதிப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே ஆட முடியும். பெரியவர் கணக்கில் சிறுவர் ஆடுகிறாரா என்று பார்க்க, டென்சென்ட் நிறுவனம் முகத்தை ஸ்கேன் செய்யும் முறையையே கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஆதார் அடிப்படையிலான சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது, 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்பவை முக்கியமானவை. இவை செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கே தடை விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

✦ யூசர்நேமில் பிறந்த வருடம், பள்ளி, கல்லூரி, ஊர், மொபைல் எண் வேண்டாம்.

✦ இன்ஸ்டாகிராமில் இருக்கும் அதே பெயரை கேமிலும் வைத்தால், ஒரு தேடலில் உங்கள் போட்டோ வரை வந்துவிடலாம். பெயரைத் தனியாக வையுங்கள்.

✦ ரேங்க் ஏற்றித் தருவதாகச் சொல்பவரிடம் பாஸ்வேர்டு, ஓடிபி கொடுக்காதீர்கள். கணக்கு போனால் அதை மீட்பது பெரும்பாடு.

✦ மிரட்டல் வந்தால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கேமிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். எதிராளியின் பெயர் மாறினாலும் கம்பெனியிடம் கணக்கு எண் இருக்கும்.

✦ பணமோசடி என்றால் 1930 எண்ணை அழைக்கலாம். மற்ற புகார்களுக்கு மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் தளம் இருக்கு.

✦ உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை வேறு பெயரில் ஆடினால், 'எதை மறைக்கிறாய்?' என்று அதட்டுவதற்கு முன், 'யாராவது தொல்லை கொடுக்கிறார்களா?' என்று கேளுங்கள்.

போட்டியை நடத்துபவரிடம் அடையாளத்தைக் காட்டுவது நியாயம். பரிசுப் பணமும் தரவரிசையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனா எதிரே ஆடும் முகம் தெரியாத நபருக்கு, நம் பெயரையும் முகத்தையும் காட்டியே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. எல்லி விவகாரத்தில் கணக்கைச் சோதித்து உண்மையைக் கண்டுபிடித்தது, கேமை நடத்தும் நிறுவனம். மிரட்டல் விடுத்தவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எதிரே ஒரு உண்மையான பெண் இருந்திருந்தாலும் அவர்கள் அதையேதான் செய்திருப்பார்கள்.