புழுங்கல் அரிசி சொன்ன பதில்

உங்கள் வீட்டில் புழுங்கல் அரிசியா, வெள்ளைப் பச்சை அரிசியா? புழுங்கல் அரிசிச் சோற்றின் மணம் பிடிக்காமல் சின்ன வயதில் அம்மம்மாவோடு சண்டை பிடித்தவன் நான். அந்த அரிசிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

1900ஆம் ஆண்டை ஒட்டிய மலாயாவுக்குப் போவோம். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் தமிழர்கள் வேலை செய்தார்கள். அப்போது பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடக்க முடியாது. சிலருக்கு உடல் வீங்கி, கடைசியில் இதயம் செயலிழக்கும்.

இந்த நோய் சீனர்களிடம் மிக அதிகமாகவும் தமிழர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. காரணம் இனமா, இடமா, கிருமியா? அங்கே பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் சாப்பாட்டைக் கவனித்தார். சீனர்கள் ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் ஊரில் பழகிய புழுங்கல் அரிசியையே சாப்பிட்டார்கள். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று பிராடன் நினைத்தார். அந்த விளக்கம் தவறு, ஆனால் அவர் கவனித்தது சரி.

1905இல் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இதைக் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் எண்ணி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடம்தான் காரணமோ என்று பார்க்க, இடையில் இடத்தையும் மாற்றினார். வெள்ளை அரிசிக் குழுவில் பலருக்குப் பெரிபெரி வந்து 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிக் குழுவில் அந்த நோயால் யாரும் இறக்கவில்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசி மணிக்குள் இறங்குகிறது. பிறகு தவிட்டை நீக்கினாலும் அதில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். பச்சை அரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. 'வைட்டமின்' என்ற பெயரைக் காசிமிர் ஃபங்க் 1912இல்தான் வைத்தார். பி1 சத்தை 1936இல் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்தவர்.

நம் முன்னோர்கள் எல்லாம் தெரிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவித்த நெல்லைக் குத்தும்போது அரிசி குறைவாக உடையும், அது ஒரு காரணமாக இருக்கலாம். புழுங்கல் அரிசி எல்லா நோய்களிலிருந்தும் காப்பாற்றவும் இல்லை. அதே தோட்டங்களில் மலேரியாவால் ஏராளமான தமிழர்கள் இறந்தார்கள்.

இது பழைய கதை என்று நினைக்கிறீர்களா? ஒழிந்துவிட்டது என்று நினைத்த பெரிபெரி 1970களில் ஜப்பானில் திரும்பி வந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் பதின்வயதினர். நன்றாக விளையாடிய பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய சாப்பாடு வெள்ளை அரிசி, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், சர்க்கரை போட்ட குளிர்பானம். வயிறு நிறைந்தது, ஆனால் பி1 கிடைக்கவில்லை. மாவும் சர்க்கரையும் கூடினால் உடலுக்கு பி1 கூடுதலாகத் தேவைப்படும். விளையாட்டும் வளர்ச்சியும் அந்தத் தேவையை இன்னும் கூட்டும். உடல் இந்தச் சத்தைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதுமில்லை.

14 முதல் 18 வயது வரை ஆண்பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராமும் பெண்பிள்ளைகளுக்கு 1 மில்லிகிராமும் பி1 போதும். பருப்பு, பயறு, கடலை, முழுத்தானிய ரொட்டி, பன்றி இறைச்சி ஆகியவற்றில் அது இருக்கிறது. வெள்ளைச் சோறு சாப்பிடக்கூடாது என்பதில்லை, பக்கத்தில் பருப்புக் கறியும் இருக்கட்டும். பாடசாலை முடிந்து பசியோடு வரும்போது நூடுல்ஸும் கோலாவும் மட்டும் தினசரிச் சாப்பாடாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மம்மாவிடம் பி1 பற்றிக் கேட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்தச் சண்டையில் அவர் பக்கம்தான் சரி.